இடுப்பில் ஏறிய குடம்

(பொது நூலகம் ஒன்றின் கோடை விடுமுறை அறிவியல் வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர் சுமந்து பழகியவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள். குடத்தைத் தலையில் வைத்தால் முதுகு நிமிர்ந்து நிற்கும். அதே குடத்தை இடுப்புக்கு இறக்கினால் உடம்பு தானாக மறுபக்கம் சாயும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. இப்போது குடத்தின் அடியில் ஓர் ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்க நடக்கத் தண்ணீர் ஒழுகும். ஒழுக ஒழுக நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டே வருவீர்கள். நிமிராமல் பழைய சாய்விலேயே நடந்தால் மறுபக்கம் விழுவீர்கள்.

சாதாரண ராக்கெட் தலையில் குடம் வைத்து நடப்பவரைப் போன்றது. அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில், அதாவது விண்ணோடம், இடுப்பில் ஒழுகும் குடத்தோடு ஓடுபவரைப் போன்றது. அந்தக் குடத்திலிருந்து எட்டரை நிமிடத்தில் 700 டன்னுக்கு மேல் எரிபொருள் போய்விடும். அத்தனை நேரமும் அது விழாமல் ஓட வேண்டும். இன்று நான் பேச வந்திருப்பது இந்த ஓட்டத்தைப் பற்றித்தான். கணினித் திரையில் நானே அப்படிப்பட்ட பெரிய ஷட்டில்களைக் கட்டிப் பறக்கவிட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

நான் பாலிடெக்னிக்கில் விசையியல் நடத்துகிறவன். சுழற்றும் வலிமையான திருப்புத்திறன், எடை சமன்படும் புள்ளியான நிறை மையம் என்ற இரண்டு சொற்களையும் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். அவை என் கைக்குள் வந்தது கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விளையாட்டை ஆடத் தொடங்கிய பிறகுதான். இதைக் கூச்சமில்லாமல் சொல்கிறேன். பின்வரிசையில் இருக்கும் பெற்றோர்கள் இதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த விளையாட்டு மெக்சிகோ நகரத்தில் பிறந்தது. ஸ்குவாட் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த பிரேசில்காரர் ஃபெலிப்பே ஃபலாங்கே இதை உருவாக்கினார். சிறுவயதில் தகர உருவங்களைச் செய்து பட்டாசு ராக்கெட்டில் ஏற்றி விட்டவர் அவர். அந்த உருவங்களுக்கு அவர் வைத்த பெயர்தான் கெர்பல். 2011 ஜூன் 24 அன்று விளையாட்டின் முதல் பதிப்பு பொதுமக்களுக்கு வந்தது. சரியாகப் பதினான்கு நாள் கழித்து, ஜூலை 8 அன்று, அட்லாண்டிஸ் விண்ணோடம் கடைசிப் பயணத்துக்குக் கிளம்பியது. ஜூலை 21 அன்று அது தரையிறங்கியதோடு, 135 பயணங்கள் கண்ட விண்ணோடத் திட்டம் முடிந்துபோனது. உண்மையான ஷட்டில் ஓய்வுபெற்ற அதே மாதத்தில், யார் வேண்டுமானாலும் ராக்கெட் கட்டிப் பார்க்கும் வழி ஒன்று திறந்திருந்தது. இந்தத் தேதிப் பொருத்தம் தற்செயல்தான். ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

விளையாட்டின் உலகம் கெர்பின் என்ற சிறிய கோள். ஆரம் 600 கிலோமீட்டர். வளிமண்டலம் 70 கிலோமீட்டர் உயரத்தோடு முடிந்துவிடும். அங்கே சுற்றுப்பாதையில் நிற்க நொடிக்கு 2.3 கிலோமீட்டர் வேகம் போதும். நம் பூமியிலோ 7.8 கிலோமீட்டர் வேண்டும். ஆகவே அங்கே ஜெயித்தவர் இங்கே ஜெயித்ததாக ஆகாது. ஆனால் நிறை மையமும் திருப்புத்திறனும் இரண்டு உலகத்திலும் ஒரே விதிக்குத்தான் கட்டுப்படுகின்றன.

சிறிய ஷட்டில் கட்டுவது பெரிய காரியமில்லை. இரண்டு பேர் உட்காரும் ஒரு விமானத்தை ராக்கெட்டின் உச்சியில் வைத்து அனுப்பிவிடலாம், அது தலைக்குடம். சுமை பெருகும்போதுதான் சிக்கல் வருகிறது. இந்த விளையாட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஜம்போ-64 என்று ஓர் எரிபொருள் தொட்டி உண்டு. நிரம்பினால் 36 டன். அதை முழுதாகச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோய் வைப்பதை ஆட்டக்காரர்கள் ஓர் அளவுகோலாகவே வைத்திருக்கிறார்கள். என் ஆசையும் அதுதான். மார்க்-3 பாகங்களால் ஆன அகன்ற உடல், அதன் சரக்கறைக்குள் ஒரு முழு ஆரஞ்சுத் தொட்டி, வாலில் வெக்டர் எஞ்சின் மூன்று, வயிற்றோடு ஒட்டிய பெரிய வெளித்தொட்டி, அதன் இருபுறமும் திட எரிபொருள் பூஸ்டர்கள். ஆர்பிட்டர், அதாவது இறக்கையோடு திரும்பிவரும் அந்த உடல், சரக்கோடு மட்டும் 80 டன். வெளித்தொட்டி 162 டன்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பிள்ளைகள் நோட்டை எடுத்துக்கொள்ளலாம். கணக்கு எளிதாக இருக்க பூஸ்டர்களை ஒதுக்கிவைத்துவிடுவோம்.

ஆர்பிட்டரின் அச்சுக்கும் தொட்டியின் அச்சுக்கும் இடையே 4 மீட்டர். ஒரு தட்டில் 80 டன், மறுதட்டில் 162 டன். தராசு எங்கே சமநிலைக்கு வரும்? ஆர்பிட்டர் அச்சிலிருந்து சுமார் 2.7 மீட்டர் தள்ளி, தொட்டியின் பக்கம். எரிபொருள் தீர்ந்ததும் தொட்டி வெறும் 18 டன் தகரம். இப்போது தராசு ஆர்பிட்டர் அச்சிலிருந்து 0.7 மீட்டரிலேயே நின்றுவிடும். ஏறும்போதே நிறை மையம் இரண்டு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. ஆனால் எஞ்சின்கள் ஆர்பிட்டரின் வாலில் பூட்டிய இடத்திலேயே இருக்கின்றன. அவற்றின் தள்ளுவிசை நிறை மையத்தின் ஊடாகப் போக வேண்டும். போகாவிட்டால் கலம் முன்னேறுவதற்குப் பதிலாகச் சுழலும்.

நிறை மையம் எஞ்சினுக்கு 10 மீட்டர் மேலே இருக்கிறது என்று கொண்டால், தொட்டி நிறைந்திருக்கையில் எஞ்சின் 15 பாகை சாய்ந்து நோக்க வேண்டும். தொட்டி காலியானதும் 4 பாகையும் சொச்சமும் போதும். வெக்டர் எஞ்சின் தன் முனையைத் தானே இருபுறமும் 10.5 பாகை திருப்பிக்கொள்ளும். அதைக் கிம்பல் என்பார்கள். இடுப்புக் குடக்காரர் சாய்வதும் நிமிர்வதும்தான் இயந்திரத்தில் கிம்பல்.

முதல் தடவை நான் எஞ்சின்களை நேராகவே பூட்டினேன். 15 பாகை கேட்ட இடத்தில் 10.5 பாகை கொடுத்தால் என்ன ஆகும்? கோபுரத்தை விட்டு எழும்பிய சில நொடிகளிலேயே மூக்கு தொட்டியின் பக்கம் கவிழ்ந்தது. அடுத்த தடவை 15 பாகை சாய்த்தே பூட்டினேன். அழகாக ஏறியது. பூஸ்டர்கள் உதிர்ந்தன. வானம் கறுத்தது. 50 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இனி கவலையில்லை என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், தொட்டியில் கடைசிச் சில டன் இருக்கும்போது, மூக்கு எதிர்ப்பக்கம் மெல்ல மேலெழுந்தது. எழுந்துகொண்டே போய் மல்லாந்துவிட்டது. 15-லிருந்து 4.2 போனால் 10.8. என்னிடம் இருந்ததோ 10.5. ஒரு பாகையில் பத்தில் மூன்றே பங்கு குறைந்ததால் 36 டன் சரக்கு கடலுக்குப் போனது.

அன்று இரவு நோட்டை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டேன். விடை எளிது. இரண்டுக்கும் நடுவே, 10 பாகையில் பூட்ட வேண்டும். தொடக்கத்தில் 5 பாகை ஒருபக்கம், முடிவில் 6 பாகை மறுபக்கம். இரண்டும் எஞ்சினின் கைக்கெட்டும் தூரம். நிறைகுடத்துக்கும் பொருந்தாமல் வெறுங்குடத்துக்கும் பொருந்தாமல் இரண்டையும் தாங்கக்கூடிய ஓர் இடைநிலை. மூன்றாம் தடவை ஏறியது.

விளையாட்டில் கலம் கட்டும் கூடத்தில் ஒரு வசதி இருக்கிறது. நிறை மையத்தை மஞ்சள் பந்தாகவும், தூக்குவிசை மையத்தை நீலப் பந்தாகவும், உந்துவிசை மையத்தை ஊதாப் பந்தாகவும் காட்டும். தொட்டியின் மேல் சொடுக்கினால் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டை வரும். இதோ திரையில் இழுக்கிறேன், பாருங்கள். எரிபொருள் குறையக் குறைய மஞ்சள் பந்து ஊர்ந்து ஆர்பிட்டரின் வயிற்றுக்குள் நுழைகிறது. என் வகுப்பில் இந்தக் காட்சியைக் காட்டிய நாளில் ஒரு மாணவன் எழுந்து, "சார், அது உசுரோட இருக்கு" என்றான். கரும்பலகையில் நான் போட்ட எந்தப் படத்துக்கும் அப்படி ஒரு சொல் கிடைத்ததில்லை.

இதைக் கட்டிய பிறகு உண்மையான ஷட்டிலின் பழைய காணொளிகளைத் திரும்பப் பார்த்தேன். அதுவரை கண்ணில் படாதவை பட்டன. பூஸ்டர்கள் பற்றுவதற்கு ஆறு நொடி முன்பே மூன்று முதன்மை எஞ்சின்களும் பற்றிவிடும். அவை பக்கவாட்டில் இருந்து தள்ளுவதால், தரையோடு பூட்டியிருக்கும் அந்த 2,000 டன் கட்டுமானமே தொட்டிப் பக்கமாக வளைந்து சாயும்; பிறகு மெல்லத் திரும்பி நிமிரும். நிமிர்ந்து நேராக நிற்கும் அந்தக் கணத்தில்தான் பூஸ்டர்களைப் பற்றவைப்பார்கள். கூர்ந்து பார்த்தால் ஆர்பிட்டரின் மூக்கு போய்த் திரும்புவது தெரியும். அந்த எஞ்சின்களும் சாய்த்தே பூட்டப்பட்டவை. அவற்றின் கிம்பலும் மேலும் கீழும் 10.5 பாகைதான். விளையாட்டைச் செய்தவர்கள் வெக்டர் எஞ்சினுக்கு அதே எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன்.

ஆனால் இடுப்புக் குடத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த உரையை நான் முடிக்கக் கூடாது. என் ஷட்டில்களில் ஒன்று, காலித் தொட்டியைக் கழற்றிவிடும்போது தொட்டி புரண்டு வந்து இடது இறக்கையைத் தட்டிவிட்டுப் போனது. திரையில் ஒரு பாகம் உடைந்தது, அவ்வளவுதான், மீண்டும் தொடங்கினேன். ஆனால் 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் ஏறிக்கொண்டிருந்தபோது, 82-ஆவது நொடிக்குச் சற்று முன், வெளித்தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அதில் இருந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். பதினாறு நாள் ஆராய்ச்சி செய்தார்கள். பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது அந்தக் காயத்தின் வழியாக வெப்பம் உள்ளே புகுந்தது. கல்பனா சாவ்லாவும் மற்ற ஆறு பேரும் திரும்பவில்லை. தலைமேல் வைத்த கலத்தின் மீது தொட்டியின் நுரை விழ வழியே இல்லை. பக்கத்தில் வைத்ததால்தான் இறக்கை அதன் பாதையில் இருந்தது. பக்கவாட்டில் சுமக்கும் அந்த அமைப்பு மனிதர்களை ஏற்றத் தகுதியானது அல்ல என்பதே என் தீர்மானம். அந்த இயந்திரத்தின் மேல் எனக்குள்ள காதல் இந்தத் தீர்மானத்தை மாற்றவில்லை.

சோவியத் யூனியன் கட்டிய புரான் விண்ணோடமும் ராக்கெட்டின் பக்கவாட்டில்தான் ஏறியது. ஆனால் முதன்மை எஞ்சின்கள் ஆர்பிட்டரின் வாலில் இல்லை. அதைச் சுமந்த எனர்ஜியா ராக்கெட்டின் அடியில் இருந்தன. 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் கிளம்பி, பூமியை இரண்டு முறை சுற்றி, பைக்கனூரில் தானாகவே தரையிறங்கியது. மறுபடி அது விண்வெளிக்குப் போகவில்லை. 2002-இல் கொட்டகைக் கூரை இடிந்து விழுந்து அந்தக் கலமே அழிந்தது. விளையாட்டில் புரான் வழியில் ஒரு ஷட்டில் கட்டிப் பாருங்கள். வாலில் எஞ்சின் சுமை இல்லாத ஆர்பிட்டர் எவ்வளவு அடக்கமாக இறங்குகிறது என்று தெரியும்.

இறங்குவதைப் பற்றித்தான் இனி பேச வேண்டும். பெரிய ஷட்டில் கட்டுகிறவர்கள் இதைத்தான் கடைசியில் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

ஆரஞ்சுத் தொட்டியை மேலே விட்டாயிற்று. சரக்கறை காலி. 80 டன்னாகக் கிளம்பிய ஆர்பிட்டர் இப்போது எரிபொருளும் போக 34 டன். அதில் 12 டன் வாலில் இருக்கும் மூன்று எஞ்சின்கள். மஞ்சள் பந்து வாலுக்கு ஓடிவிட்டது. அது நீலப் பந்துக்குப் பின்னால் போய்விட்டால் கலம் மூக்கை முன்னே வைத்துப் பறக்காது. அம்பின் முனையில் இருக்க வேண்டிய கனம் இறகில் இருந்தால் அம்பு என்ன செய்யும்? திரும்பிக்கொள்ளும். 25 கிலோமீட்டர் உயரத்தில், காற்று கனக்கத் தொடங்கியதும், என் ஆர்பிட்டர் அப்படியே வால் முன்னாகத் திரும்பிச் சுழன்று சிதறியது. ஏறும்போது நான் போட்ட அத்தனை கணக்கும் சரி. இறங்கும் உடலுக்கு நான் கணக்கே போடவில்லை. உண்மையான ஷட்டிலிலும் சரக்கு எவ்வளவு என்பதோடு, அது சரக்கறையில் எந்த இடத்தில் அமர வேண்டும் என்பதற்கும் கண்டிப்பான வரம்புகள் இருந்தன.

அந்தக் கலத்துக்கு நான் செய்தவை மூன்று. இறக்கைகளைப் பின்னுக்குத் தள்ளினேன். மூக்கருகே ஒரு சிறு தொட்டி வைத்து, சுற்றுப்பாதையிலிருந்து இறங்குவதற்கு முன் மிச்ச எரிபொருள் அத்தனையையும் அதற்கு மாற்றினேன். பிறகு, கூடத்தில் எல்லாத் தொட்டிகளையும் காலியாக்கி மஞ்சள் பந்தையும் நீலப் பந்தையும் பார்க்காமல் எதையும் ஏவுவதில்லை என்று முடிவுசெய்தேன்.

இந்த ஆர்பிட்டருக்கு இறங்கும்போது இன்னொரு வாய்ப்பே கிடையாது. மூக்கில் இருக்கும் மிச்ச எரிபொருள் எஞ்சினுக்குப் போதாது. வட்டமிட்டு மறுபடி வர முடியாது. பயணிகள் விமானம் 3 பாகைச் சரிவில் இறங்குகிறது. உண்மையான ஷட்டில் 18 முதல் 20 பாகைச் சரிவில் கீழே பாய்ந்து, கடைசியில் மூக்கை நிமிர்த்தி, மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தையொட்டித் தரையைத் தொட்டது. விளையாட்டில் ஓடுதளத்துக்கு மேற்கே மலைகள் இருக்கின்றன. உயரம் குறைவாக வந்தால் அவற்றில் மோதுவோம். உயரம் கூடினால் ஓடுதளத்தைத் தாண்டிக் கடலுக்குப் போவோம்.

நாசா இதை எப்படிச் செய்தது தெரியுமா? கொலம்பியா முதன்முதலாக விண்ணுக்குப் போனது 1981 ஏப்ரல் 12 அன்று. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1977-இல், என்டர்பிரைஸ் என்ற ஆர்பிட்டரை போயிங் 747-இன் முதுகில் ஏற்றி வானத்தில் விடுவித்து, எஞ்சின் இல்லாமல் ஐந்து முறை இறக்கிப் பார்த்தார்கள். முதலில் இறங்கக் கற்றுக்கொண்டு அப்புறம்தான் ஏறினார்கள். ஐந்தாவது முறை, அக்டோபர் 26 அன்று, அப்போலோ-13 பயணத்தில் உயிர்தப்பிய ஃப்ரெட் ஹெய்ஸ் ஓட்டினார். ஓடுதளத்தை நெருங்குகையில் விமானி ஒரு திருத்தம் செய்ய, கலம் தாமதமாக அதற்கு இணங்க, அதற்குள் அவர் எதிர்த் திருத்தம் செய்ய, கலம் ஊஞ்சலாடியது. தரையைத் தொட்டு ஒருமுறை துள்ளி எழும்பியது. அவ்வளவு தேர்ந்த விமானிக்கே நேர்ந்தது அது. கனமான கலம் நம் கைக்கு உடனே பதில் சொல்வதில்லை. விசையை ஒருமுறை தட்டிவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். என் முதல் பத்து தரையிறக்கங்கள் காத்திருக்கத் தெரியாததால் கெட்டன.

நம் இஸ்ரோவும் தரையிறங்குவதற்கென்று தனிச் சோதனைகள் நடத்தியது. கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரேயில், புஷ்பக் என்ற இறக்கையுள்ள கலத்தை சினூக் ஹெலிகாப்டரிலிருந்து நாலரை கிலோமீட்டர் உயரத்தில் விடுவித்து, மூன்று முறை தானாகவே ஓடுதளத்தில் இறங்கவைத்தார்கள். மூன்றாவது சோதனை 2024 ஜூன் 23 அன்று நடந்தது. அன்று அதை வேண்டுமென்றே 500 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி விடுவித்தார்கள். அது தானே திரும்பி, ஓடுதளத்தின் நடுக்கோட்டைப் பிடித்து, மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்கியது. ஷட்டில் கட்டிப் பழகியவர்கள் அந்தக் காணொளியைப் பார்த்தால் கண் கலங்கும்.

கலம் பெரிதாகும்போது விளையாட்டில் வரும் வேறு தொல்லைகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பாகங்கள் கூடினால் மூட்டுகள் ஆடும். தொட்டிக்கும் ஆர்பிட்டருக்கும் இடையே தாங்குகம்பிகள் போட வேண்டும். கணினி திணறினால் மேல்மூலையில் கடிகாரம் மஞ்சளாக மாறும்; விளையாட்டின் ஒரு நொடி நமக்கு இரண்டு மூன்று நொடியாக நீளும். பொறுமை இருந்தால் போதும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போய் இதைத் தொடங்குபவர்கள் வெளித்தொட்டியையும் பூஸ்டரையும் முதலில் தொடாதீர்கள். ஆர்பிட்டரை மட்டும் கட்டுங்கள். எல்லாத் தொட்டிகளையும் காலி செய்து மஞ்சள் பந்து எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு ஏதாவது ஒரு சிறிய ராக்கெட்டால் பத்து கிலோமீட்டர் உயரத்துக்கு அதைத் தூக்கி விட்டு, எஞ்சின் இல்லாமல் ஓடுதளத்தில் இறக்குங்கள். பத்து முறை இறக்குங்கள். சக்கரம் உடையாமல் அது நின்ற பிறகு, ஆரஞ்சுத் தொட்டியை ஏற்றும் கணக்கைப் போட நோட்டோடு என்னிடம் வாருங்கள். சனிக்கிழமைதோறும் மாலை இதே நூலகத்தின் மேல்மாடியில் இருப்பேன்.